தராசு தொங்கும் சுவர்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டி, அலெகெனி ஆற்றின் வடகரையில் மில்வேல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே மேட்டின்மேல் நிற்கும் புனித நிக்கோலாஸ் கோவிலை வெளியிலிருந்து பார்த்தால் அந்த வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்கள் கட்டிக்கொண்ட எத்தனையோ செங்கல் கோவில்களில் ஒன்று என்றுதான் தோன்றும். உள்ளே போனால்தான் திகைப்பு. ஒரு சுவரில் உயரத் தொப்பி வைத்த கனவான் ஒருவர் விருந்து மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தட்டு நிறைய உணவு. கண்ணோ பங்குச்சந்தை அறிக்கையில். கறுப்பினப் பணியாள் பரிமாற, தரையில் ஒரு பிச்சைக்காரன் கிடக்கிறான். இன்னொரு சுவரில் விஷவாயு முகமூடி அணிந்த உருவம் ஒன்று தராசைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. ஒரு தட்டில் ரொட்டி, மறு தட்டில் பொன். பொன் இருக்கும் தட்டு தாழ்ந்து கிடக்கிறது. படத்தின் பெயர் ‘அநீதி’.

பங்குச்சந்தைக்கும் பங்குக் கோவிலுக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்தது தற்செயல்தான். இருந்தாலும் அந்தக் கனவானைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அந்தச் சொல் என்னை விடவில்லை. யாருக்கு எத்தனை பங்கு என்ற கேள்வியைத்தான் அந்தச் சுவர் கேட்கிறது.

இதெல்லாம் கோவில் சுவரில் வரலாமா? சம்மனசுகளும் புனிதர்களும் இருக்க வேண்டிய இடத்தில் ஆலைப் புகையும் துப்பாக்கியும் பணக்காரரின் சாப்பாட்டு மேசையும் எதற்கு? கத்தோலிக்கத் திருச்சபைக்குள் இது பழைய வழக்கு. தீர்ப்பும் காலத்துக்கு ஒரு விதமாக வந்திருக்கிறது. வாதம் பெரும்பாலும் ‘கலை’, ‘பக்தி’ என்ற இரண்டு சொற்களுக்குள்ளேயே சுழல்வதால், சுவருக்குக் காசு கொடுத்தது யார், அதன் கீழே முழங்காலில் நிற்பது யார் என்பது பேச்சில் வருவதே இல்லை.

முதல் சாட்சியாக எல்லோரும் அழைப்பது பாப்பரசர் பெரிய கிரகோரியை. கி.பி. 600-ஐ ஒட்டி மார்செய் நகரத்து ஆயர் செரேனுஸ், மக்கள் படங்களை வணங்குகிறார்கள் என்று கோபித்து அவற்றை உடைத்துப்போட்டார். வணங்குவது தவறு, உடைப்பதும் தவறு என்று கிரகோரி அவருக்கு எழுதினார். எழுத்தறிந்தவர்களுக்கு நூல் எதுவோ அதுவே எழுத்தறியாதவர்களுக்குப் படம் என்பது அவர் வாதம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இதையே திருப்பிச் சொல்லிவருகிறோம். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. கதை தெரியாதவனுக்குப் படம் எதையும் கற்றுத் தராது. சாவி பிடித்த கிழவர் இராயப்பர் என்று ஏற்கெனவே அறிந்தவனுக்குத்தான் அந்தச் சாவி பேசும். சுவரின் உண்மையான வேலை வேறு. அருங்காட்சியகத்தில் ஒரு படத்தின் முன் நாம் சில நொடி நின்று நகர்ந்துவிடுவோம். பங்குக் கோவிலில் ஒரே ஆள் ஒரே படத்தை நாற்பது ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிறான், பிரசங்கம் நீளும்போதெல்லாம் கண் போய் மேய்வது அங்கேதான். அவன் முதன்முதலில் அழுதபோது அது இருந்தது, தாலி கட்டியபோது இருந்தது, தகப்பனின் பெட்டியை இறக்கி வைத்தபோதும் இருந்தது. அப்படிப்பட்ட சுவரில் எதை எழுதலாம் என்பது சின்ன விஷயமில்லை.

மத்திய காலத்தவர்களுக்கு இதில் கூச்சமே கிடையாது. இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் சால்டன் என்ற ஊரின் பங்குக் கோவிலில், மேற்குச் சுவர் முழுவதையும் பிடித்தபடி 1200-ஐ ஒட்டித் தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. நடுவே ஓர் ஏணி. மேல்பாதியில் ஆன்மாக்களை நிறுக்கும் தராசு. தட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும் பசாசு. கீழ்பாதி நரகம். அங்கே வட்டிக்காரன் ஒருவன் பணப்பைகளோடு நெருப்பில் உட்கார்ந்திருக்கிறான், வாயிலிருந்து காசு கொட்டுகிறது. பக்கத்தில் முள் பதித்த பாலம். அதன்மேல் தொழிலில் நேர்மை தவறிய கைவினைஞர்கள் தத்தம் தொழிலுக்கு வேண்டிய கருவி ஒன்று இல்லாமல் தடுமாறுகிறார்கள். பட்டறைக் கல் இல்லாத கொல்லனும் சக்கரம் இல்லாத குயவனும் அதில் உண்டு. பூசை முடிந்து வாசலை நோக்கித் திரும்புகிறவன் முகத்துக்கு நேரே இந்தக் காட்சி. ஊர்க் கொல்லனும் ஊர் வட்டிக்காரனும் அதே கூட்டத்தில்தான் நின்றிருப்பார்கள். மில்வேல் கனவானுக்கு எழுநூறு ஆண்டு மூத்த அண்ணன் இந்த வட்டிக்காரன்.

சீர்திருத்தக் காலத்தில் இத்தகைய சுவர்கள் இங்கிலாந்து முழுவதும் சுண்ணாம்புக்கு அடியில் போயின. கவி ஷேக்ஸ்பியரின் தகப்பனார் ஜான், ஸ்ட்ராட்ஃபோர்டு நகரப் பொறுப்பாளராக இருந்தபோது, அங்கிருந்த கில்டு சிற்றாலயத்தின் படங்களை அழிக்க இரண்டு ஷில்லிங் செலவெழுதிய கணக்கு 1560-களின் பதிவேட்டில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வெள்ளையடித்தவர்கள்தான் காப்பாற்றியவர்களும். சால்டன் ஓவியம் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பத்திரமாக உறங்கி, 1870-ஐ ஒட்டித்தான் மறுபடி வெளிச்சம் கண்டது. வெயிலிலும் மெழுகுவர்த்திப் புகையிலும் விட்டிருந்தால் இன்று இவ்வளவும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.

இத்தாலியில் நடந்தது வேறு கதை. பாதுவாவில் ஜோத்தோ 1305-ஐ ஒட்டித் தீட்டி முடித்த சிற்றாலயம் பங்குக் கோவில் இல்லை, பணக்காரக் குடும்பத்தின் சொந்தக் கோவில். கட்டியவர் என்ரிக்கோ ஸ்க்ரொவேஞ்ஞி. இவருடைய தகப்பனார் ரெஜினால்தோவை தாந்தே தன் நரகத்தில் வட்டிக்காரர்களோடு உட்காரவைத்திருக்கிறார். மகன் கட்டிய கோவிலின் இறுதித் தீர்வை ஓவியத்தில், அதே மகன் மீட்கப்பட்டவர்களின் பக்கம் முழங்காலிட்டுக் கோவிலின் மாதிரியைக் கன்னிமரியாளிடம் நீட்டுகிறார். ஜோத்தோவின் கைத்திறனுக்கு முன் வாயடைத்து நிற்கலாம். ஆனால் யார் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்ததில் பணப்பைக்கும் பங்கு உண்டு. கோவில் சுவரில் அரசியல் நுழையக்கூடாது என்கிறவர்கள் இந்தச் சுவரைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. காசு கொடுத்தவரின் அரசியல் கண்ணுக்கு உறுத்துவதே இல்லை.

மேலிடத்துக் கட்டுப்பாடு என்று பார்த்தால் திரெந்து சங்கத்தின் 1563 தீர்மானமே மைல்கல். வழக்கத்துக்கு மாறான படம் எதையும் ஆயரின் ஒப்புதல் இல்லாமல் கோவிலில் வைக்கக்கூடாது என்றது அது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் சிஸ்தீன் ஆலயத்தில் மிக்கேலாஞ்சலோவின் இறுதித் தீர்வை உருவங்களுக்குத் துணி உடுத்த தானியேலே தா வொல்த்தேர்ரா என்ற ஓவியரை அமர்த்தினார்கள். பாவம், ‘கால்சட்டை போட்டவர்’ என்ற பட்டப்பெயர்தான் அவருக்கு மிஞ்சியது. 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் அதே விதி தொடர்ந்தது. பெல்ஜிய ஓவியர் அல்பெர்ட் செர்வாஸ் எலும்பும் தோலுமான இயேசுவைக் கரிக்கோலால் வரைந்த சிலுவைப் பாதைப் படங்களை ரோமாபுரி 1921-இல் கண்டித்தது. அவை தொங்கிய சிற்றாலயத்திலிருந்து இறங்கின. 

அடுத்த வழக்கு பிரான்சில். அங்கே ஆல்ப்ஸ் மலையில் அசி என்ற இடம். சுற்றிலும் காசநோயாளிகளின் மருத்துவ இல்லங்கள். அங்கே 1950-இல் அபிஷேகமான கோவிலுக்கு லெஜே, ரூவோ, மத்தீஸ், ஷகால் என்று அக்காலத்தின் பெரிய கைகள் எல்லாம் வேலை செய்தன. சாமிநாதர் சபைக் குருவான மாரி-ஆலென் கூத்தூரியேவின் முயற்சி அது. கடவுள் நம்பிக்கை குறைந்த மேதை, மேதைமை குறைந்த பக்தனைவிட மேல் என்ற துணிச்சல் அவருக்கு. ஜெர்மேன் ரிஷியே செய்த பாடுபட்ட சுரூபம்தான் சர்ச்சையானது: முகம் தெளிவில்லாமல், மரத்தோடு மரமாகக் கரைந்துபோன உடல். எதிர்ப்பு வெடித்தது அந்த மலையில் இல்லை. தொலைவில் ஆஞ்சே நகரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில். 1951-இல் ஆயரின் உத்தரவுப்படி சுரூபம் பீடத்திலிருந்து அகன்றது. திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆயின. இருமி இருமி உருக்குலைந்த உடம்போடு அதன்முன் மன்றாடியவர்களின் கருத்தை முதலில் கேட்டிருக்கலாம்.

மில்வேலில் அந்த வரிசை தலைகீழ். அங்கே சுவரின் முன் நின்றவர்களே காசு கொடுத்தவர்கள்.

கோவில் 1900-இல் எழுந்தது. 1921-இல் தீப்பற்றி எரிந்தது, அடுத்த ஆண்டே திரும்பக் கட்டினார்கள். பங்கு மக்கள் குரோவேஷியாவிலிருந்து இரும்பாலைக்கும் சுரங்கத்துக்கும் பிழைக்க வந்தவர்கள். பங்குத்தந்தை ஆல்பெர்ட் ஸாகர், பிரான்சிஸ்கன் சபைக்காரர். பொருளாதார மந்தத்தின் நடுவில், கோவில் கடனைக் கொஞ்சம் இறக்கிய தெம்பில், வெற்றுச் சுவருக்கு ஓவியம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் கூப்பிட்ட ஆள் மாக்ஸோ வாங்க்கா. 1889-இல் ஸாக்ரெப்பில் பிறந்தவர். திருமணத்துக்கு வெளியே பிறந்ததால் குடியானவப் பெண்மணி ஒருவரிடம் வளர்ந்தவர். பிரஸ்ஸல்ஸில் படித்து, முதல் உலகப் போரின்போது பெல்ஜியச் செஞ்சிலுவைப் பணியில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்து, பிறகு ஸாக்ரெப் கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அமெரிக்க மனைவியோடு 1930-களின் நடுவில் புலம்பெயர்ந்திருந்தார். இரண்டு தவணையாக, 1937-இலும் 1941-இலும், மொத்தம் 25 சுவரோவியங்கள்.

ஸாகர் அடிகளார் போட்ட நிபந்தனைகள் அதிகமில்லை. பீடத்தின் மேலே மாதா இருக்க வேண்டும். மற்றது உன் விருப்பம் என்ற தோரணை. அந்த மாதாவைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற சுவர்களுக்கு நகர வேண்டும். வெண்பளிங்கு முகமும் மெல்லிய விரல்களும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது அகன்ற கன்ன எலும்பும் முரட்டுப் பெரிய கைகளும் கொண்ட நாட்டுப்புறத்துக்காரி. துணி துவைத்த கை, களை பறித்த கை. அவளுக்குக் கீழே இடப்பக்கம் தாய்நாட்டு வயல். வேலையை நிறுத்தி மூவேளைச் செபம் சொல்லும் குடியானவர்கள். வலப்பக்கம் மில்வேல்; ஆலைத் தொழிலாளர்களும், கோவிலின் மாதிரியைக் கையில் பிடித்த பங்குச்சாமியாரும். பாதுவாவில் பணக்காரர் ஏந்திய அதே மாதிரிக் கோவில், இங்கே தொழிலாளர் நடுவிலிருந்து நீள்கிறது.

பக்கச் சுவர்களில் இரண்டு பிணங்கள். ஒன்றின் தலைப்பு, குரோவேஷியத் தாய் தன் மகனைப் போருக்காக வளர்க்கிறாள் என்ற பொருள் தருவது. சவப்பெட்டியைச் சுற்றி வெள்ளைத் துணியில் பெண்கள் அமர்ந்து அழுகிறார்கள்; பின்னால் குன்றெல்லாம் சிலுவைகள். குரோவேஷிய நாட்டுப்புறத்தில் பழைய வழக்கப்படி துக்கத்தின் நிறம் வெள்ளை. இதற்கு இணையான படம், புலம்பெயர்ந்த தாய் தன் மகன்களை அமெரிக்கத் தொழிலுக்காக வளர்க்கிறாள் என்பது. கிடத்தியிருக்கும் இளைஞனைச் சுற்றி மறுபடி பெண்கள்; பின்னால் ஆலைகளும் புகையும், வேலைக்குப் போகும் மற்ற மகன்களும். இரண்டிலும் வியாகுல மாதாவின் மடியில் கிடக்கும் கிறிஸ்துவின் அமைப்பை வாங்க்கா நினைவூட்டுகிறார். பிரசங்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஒப்பாரி வைப்பவளின் தோள் எப்படிக் குலுங்கும் என்று அருகிலிருந்து பார்த்த ஒருவரால்தான் அந்த முதுகுகளை வரைய முடியும்.

முதல் தொகுதி முடிந்த நான்கு ஆண்டில் உலகம் மாறிவிட்டது. 1941-இல் யூகோஸ்லாவியா நாஜிகளின் காலடியில். இரண்டாம் தொகுதியில் மென்மை குறைந்து கோபம் ஏறியதற்கு அதுவே காரணம். போர்க்களத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் விலாவில் ஒரு சிப்பாய் துப்பாக்கி முனைக் கத்தியைச் செருகுகிறான். வேறொரு படத்தில் மாதா சண்டைக்காரர்களுக்கு நடுவே புகுந்து துப்பாக்கியை முறிக்கிறாள். ‘மாத்தி 1941’ என்று ஒன்று: சங்கிலியில் பிணைத்த பெண், அவளே தாய்நாடு. முகமூடித் தராசும், அந்தக் கனவானின் விருந்தும் இதே தவணை. விருந்துக்கு எதிராக, ரொட்டியும் சாறுமாக ஏழைக் குடும்பம் ஒன்றின் உணவும் உண்டு. அங்கே கிறிஸ்து உடனிருக்கிறார். உண்மையைச் சொன்னால் ‘அநீதி’ படம் சுவரொட்டியின் சாயலுக்கு இறங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். அந்தப் பெண்களின் முதுகுகளில் இருந்த ஆழம் இதில் இல்லை. ஆனாலும் சால்டனில் ஆன்மாவை நிறுத்த தராசில் இங்கே ரொட்டி ஏறியிருப்பதைக் காணும்போது, ஒரு நீண்ட மரபு அறுபடாமல் வந்திருப்பது புரிகிறது.

மில்வேல் என்றால் பேய்க்கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள், நானும் விடவில்லை. பகலில் பூசையும் ஆட்களும் இருந்ததால் வாங்க்கா இரவில் சாரத்தில் ஏறி வேலை செய்தார். நள்ளிரவில் கறுப்பு அங்கி அணிந்த முதியவர் ஒருவர் பீடத்தின் முன் கைகளை அசைத்து நிற்பதைக் கண்டதாகச் சொன்னார். ஒருமுறை கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அணையாவிளக்கு அணைந்தே போனது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பார்வை பக்கவாட்டில் போகாதபடி மறைப்பும் கட்டிக்கொண்டு, தூரிகையைத் தொடர்ந்து பிடித்தார் மனிதர். அவருடைய நண்பர், ஸ்லோவேனிய அமெரிக்க எழுத்தாளர் லூயி ஆடமிச், இதை ஹார்ப்பர்ஸ் இதழில் 1938-இல் எழுதிய பிறகு பேய் ஊரறிந்ததாயிற்று. ஓவியத்தைவிடப் பேய்க்கு வாசகர் அதிகம் என்பதில் வாங்க்காவுக்கு வருத்தம் இருந்திருக்கலாம்.

பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவில் மில்வேலுக்கு ஓர் எதிர்முகம் இருக்கிறது. விக்டோரியாஸ் சர்க்கரை ஆலை வளாகத்தின் புனித சூசையப்பர் ஆலயம்; வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். பீடத்தின் பின்சுவர் முழுவதும் 1950-இல் தீட்டியவர் அல்ஃபோன்சோ ஒஸ்ஸோரியோ, ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை. நியூயார்க்கின் ஜாக்சன் பொல்லாக் இவருடைய நண்பர். அகல விழித்த கண், விரித்த கை, எரியும் இதயம். பின்னால் தந்தையாகிய கடவுளின் பிரமாண்டமான கைகள். சிவப்பும் மஞ்சளும் சுவரைவிட்டு வெளியே பாய்கின்றன. ஊர்மக்கள் இதற்கு வைத்த பெயர் ‘கோபக்கார கிறிஸ்து’. ஆலயத்தில் வேறு இடங்களில் இருக்கும் புனிதர்களோ பிலிப்பினோ முகத்தோடும் உள்ளூர் உடையோடும் நிற்கிறார்கள்.

யார் மீது அந்தக் கோபம்? கரும்பு வெட்டிக் களைத்தவன் மீதா, ஆலைக்காரர் மீதா? என்ரிக்கோ ஸ்க்ரொவேஞ்ஞி தகப்பனின் பாவத்தைப் போக்கக் கோவில் கட்டித் தன்னை மீட்கப்பட்டவர் பக்கம் வரையச் சொன்னார். ஒஸ்ஸோரியோ தன் உருவத்தை எங்கும் வைக்கவில்லை. தீர்ப்பு சொல்லும் முகத்தை மட்டும் தொழிலாளர் தலைக்கு மேல் நிறுத்தினார். எனக்கு அது குற்றவுணர்வின் படமாகவே தெரிகிறது. முதலாளி வீட்டுப் பிள்ளை வரைந்ததால் அதன் உண்மை குறையவும் இல்லை.

நிகரகுவாவின் மனாகுவா நகரில், ரிகேரோ குடியிருப்பின் சம்மனசுகளின் அன்னை கோவிலில் 1980-களில் இத்தாலிய ஓவியர் செர்ஜியோ மிக்கிலீனி தீட்டிய சுவர்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. அங்கே புரட்சியாளர்களே சுவரேறினார்கள். ஆட்சி மாறிய பிறகு அவை சங்கடமாகிவிட்டன. கட்சியின் முகங்களைச் சுவரில் ஏற்றினால் கட்சியின் ஆயுள்தான் சுவருக்கும். வாங்க்காவின் படங்கள் தப்பியது அவற்றில் எந்தத் தலைவரும் இல்லாததாலும் இருக்கலாம்: தாய் இருக்கிறாள், பிணம் இருக்கிறது, ரொட்டி இருக்கிறது.

இத்தனை வழக்கு பேசினோம். ஆனால் பங்குக் கோவில் ஓவியங்களை அதிகம் அழித்தது எது என்று கேட்டால் தணிக்கையைவிடத் தண்ணீரைத்தான் சொல்வேன். ஈரச் சுண்ணாம்புச் சாந்து காய்வதற்குள் நிறத்தை ஏற்றுவது ஃபிரெஸ்கோ. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மறுபடி கல்லாகும்போது நிறமும் கல்லுக்குள் சிறைப்படுகிறது. அதனால் ஒரு நாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கே சாந்து பூசுவார்கள். காய்ந்த காரைமேல் பிசினோ முட்டையோ கலந்த நிறத்தைப் பூசுவது எளிய வழி. இரவில் அவசரமாக வேலை செய்தவருக்கு வசதியான வழியும்கூட. மில்வேல் ஓவியங்கள் இரண்டாம் வகை. கூரை ஒழுகினால் நீர் சுவருக்குள் இறங்கி, செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்து, மேற்பரப்புக்கு வந்து காய்கிறது. உப்புப் பூத்து நிறத்தைத் தள்ளுகிறது; விரல்நுனி அளவுக்குச் செதில் செதிலாக உதிர்கிறது. போதாக்குறைக்கு பிட்ஸ்பர்க்கின் கரிப்புகை. எந்த ஆலைகளைப் பற்றி வாங்க்கா வரைந்தாரோ அவற்றின் புகையே படத்தின்மேல் படிந்து அதை மங்கடித்தது.

ஈரத்தைவிட இதில் கொடுமை புதுப்பிக்கும் ஆசை. திருவிழா வந்துவிட்டால் கையில் எனாமல் பெயின்ட் வாளியோடு நிற்கிற ஊர் நம்முடையது. நான் சிறுவயதில் பார்த்த ஒரு கோவிலில், பழைய மாதா படத்தின் முகத்துக்கு யாரோ புதுப் புருவம் வரைந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு டைல்ஸ் ஒட்டியபோது அதுவும் போனது. அங்கே யாரும் சண்டை போடவில்லை, எந்த ஆயரும் தடை போடவில்லை.

மில்வேல் சுவர்களைக் காக்க 1991-இல் ஒரு சங்கம் உருவானது. 2009 முதல் பழுதுபார்க்கும் நிபுணர்கள் சாரம் கட்டி, பஞ்சுச் சுருளால் அங்குலம் அங்குலமாகப் புகைக்கரியை எடுத்தார்கள். கரி போனதும் அதுவரை மங்கிக் கிடந்த நிறங்கள் தெரிந்தன. வாங்க்கா இதையெல்லாம் பார்க்கவில்லை. 1963-இல் மெக்சிகோவின் கடலில் மூழ்கி இறந்துபோனார். ஆலைகளும் பெரும்பாலும் மூடிவிட்டன. ஆற்றோரமாகக் கொஞ்சம் தள்ளி, நகரின் வடபகுதியில் அதே புனித நிக்கோலாஸ் பெயரில் குரோவேஷியர்களின் இன்னொரு பழைய கோவில் இருந்தது. ஆட்கள் குறைந்து மூடிக் கிடந்த அதை 2013 ஜனவரியில் இடித்தார்கள். அங்கே சுவரில் வாங்க்கா இல்லை.